எஃகுக் கம்பி காத்த குரல்கள்

1946-இல் சிகாகோவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற உளவியலாளர் டேவிட் போடர், ஒரு கம்பி ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்து சென்றார். நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர்தப்பி அகதி விடுதிகளில் இருந்தவர்களை அவரவர் மொழியிலேயே பேசவிட்டு, ஏறத்தாழ 130 நேர்காணல்களைப் பதிவுசெய்தார்.

கம்பியில் குரல் எப்படி ஏறுகிறது? ஒலிவாங்கி பேச்சை மின்னோட்டமாக்குகிறது. அது பதிவுமுனையின் சுருளில் பாயும்போது, குரலுக்கேற்ப காந்தப்புலம் கூடிக் குறைகிறது. தலைமுடி போன்ற மெல்லிய எஃகுக் கம்பி அந்த முனையைத் தொட்டபடி ஓடும். ஒவ்வொரு இடமும் அந்தக் கணத்தின் காந்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுபடி ஓடவிட்டால், கம்பியின் காந்தம் சுருளில் மின்னோட்டத்தை எழுப்பும், அதுவே ஒலியாகிறது. கம்பி அறுந்தால் முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள்!

கம்பி நீடித்தது, அதைப் பேசவைக்கும் கருவிகள்தான் வழக்கொழிந்தன. பிரான்சின் ஹெனோன்வில் விடுதியில் அகதிகள் பாடிய பாடல்களைப் போடர் பதிவுசெய்த கம்பிச்சுருள் பல பத்தாண்டுகள் காணாமற்போயிருந்தது. அமெரிக்காவின் ஏக்ரன் பல்கலைக்கழகத்தில், பட்டியலில் ஊர்ப்பெயர் பிழையாக எழுதப்பட்டதால் கண்ணில் படாமல் கிடந்திருக்கிறது. ஓர் எழுத்துப்பிழை ஒரு விடுதியின் குரலையே மறைத்துவிட்டது என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. பழைய கருவி ஒன்றைத் தேடிச் சீரமைத்த பிறகே 2017-இல் அந்தப் பாடல்கள் மீண்டும் கேட்டன.

திரைப்பட இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1994-இல் தொடங்கிய ஷோவா அறக்கட்டளை (ஷோவா என்பது நாஜிகள் நடத்திய யூத இன அழிப்பு), அந்தக் கொடுமையைக் கண்ட சுமார் 52,000 பேரின் சாட்சியங்களை ஒளிநாடாக்களில் பதிவுசெய்தது. நாடாவில் காந்தத் துகள்களை ஒட்டவைத்திருக்கும் பசை காலப்போக்கில் சிதையும். அதனால் 2.35 லட்சம் நாடாக்களையும் எண்ம (டிஜிட்டல்) கோப்புகளாக மாற்றினார்கள்.

அங்கே இருப்பவை ஒரு லட்சம் மணி நேரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். இரவுபகலாகப் பார்த்தாலும் பதினோரு ஆண்டுகள் போதாது. அதனால் நிமிடத்துக்கு நிமிடம் ஊர், முகாம், நிகழ்வு என்று குறிச்சொற்கள் இணைக்கப்பட்டன. இந்த வேலையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். பேசுபவர் முகாமின் பெயரைச் சொல்லாமல் "அங்கே" என்று மட்டும் சொல்லக்கூடும். சொற்களை மட்டும் தேடும் கணினிக்கு அந்த "அங்கே" எதுவென்று தெரியாது. முழுச் சாட்சியத்தையும் கேட்ட ஒருவர்தான் அந்த நிமிடத்துக்கு எதிரே ஆஷ்விட்ஸ் என்று குறிக்க முடியும்.