மாடியில கெடக்குற டெட் ஸ்டாக்க கீழ எறக்குங்கண்ணே

மார்ச் முடிஞ்சு மதுரை விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைங்களோட ஸ்டாக் லிஸ்ட் கைக்கு வந்தாலே எனக்கு தலைவலி ஆரம்பிச்சுரும். இந்த வருசம் ஒரு கடையில மாடி குடோன் அட்டைப்பெட்டிய பிரிச்சா, கொரோனாவுக்கு முந்தின தீபாவளிக்கு எடுத்த சுடிதார் செட்டு, மடிப்பெல்லாம் மஞ்சளடிச்சு, விரிச்சா மடிப்போடயே கிழியுது. லிஸ்ட்ல அதுக்கு வாங்குன அதே வெல. கேட்டா "சரக்கு எங்க போகப்போகுது, என்னைக்காவது வித்துரும்"ங்கிறாங்க.

விக்காதுண்ணே.

மெதுவா போற சரக்கு வேற, டெட் ஸ்டாக் வேற. ஸ்கூல் யூனிஃபார்ம் ஒரு சீசன்தான் ஓடும், ஆனா அடுத்த ஜூன்ல ஆள் வரும். ரெண்டு தீபாவளி, ரெண்டு சித்திரத் திருவிழா தாண்டியும் எடுத்துக் காட்டுங்கன்னு ஒருத்தர்கூட கேக்கலைன்னா அதுதான் டெட்.

எனக்கு ரொம்ப எரிச்சல் வர்றது "அசலுக்குக் கீழ வித்தா நஷ்டம்"ங்கிற பேச்சுலதான். நஷ்டம் எப்பவோ வந்தாச்சு! 5 லட்சம் சரக்கு முடங்கிக் கெடந்தா, பேங்க் வட்டி 12 சதவீதம்னு வச்சாலும் வருசத்துக்கு 60,000 ரூவா, மூணு வருசத்துல 1,80,000 போயிருச்சு, மொத வருசமே பாதி வெலைக்குத் தள்ளிருந்தா ரெண்டரை லட்சம் கைக்கு வந்து புதுச் சரக்கா சுத்திக்கிட்டு இருந்திருக்கும். அது மட்டுமா, க்ளோசிங் ஸ்டாக்க, அதாவது வருசக் கடைசியில மிச்சம் இருக்குற சரக்க, வாங்குன வெலையிலயே காட்டுனா லாபம் கூடுதலாத் தெரியும், வராத லாபத்துக்கு வருமான வரி கட்டுவீங்க. வாங்குன வெல, செலவு போக இப்ப விக்கக்கூடிய வெல, ரெண்டுல எது கம்மியோ அதத்தான் போடணும்னு கணக்கு எழுதுற விதியான அக்கவுண்டிங் ஸ்டாண்டர்ட் 2 சொல்லுது. பேங்க்ல இருந்து ஸ்டாக் ஆடிட்டுக்கு வர்றவங்களும் பழசக் கழிச்சுட்டுத்தான் டிராயிங் பவர், அதாவது சரக்க வச்சு எவ்வளவு கடன் எடுக்கலாம்ங்கிற அளவு, போடுவாங்க.

சிலர் "எரிச்சுரவா, இல்ல சும்மா குடுத்துரவா"ன்னு கேக்குறாங்க. அவசரப்படாதீங்க. அழிச்சாலோ இலவசமா குடுத்தாலோ வாங்குறப்ப எடுத்த இன்புட் கிரெடிட்ட, அதாவது வாங்குனப்ப குடுத்த ஜிஎஸ்டிய நீங்க கட்டவேண்டிய வரியில கழிச்சுக்கிட்டத, திருப்பிக் கட்டணும், ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 17(5) அப்படித்தான் இருக்கு. வெளியாளுக்கு கம்மி வெலைக்கு பில் போட்டு வித்தா வித்த வெலைக்குத்தான் வரி, கிரெடிட்டும் தங்கும். அதனால ஆடித் தள்ளுபடியில மொதல்ல பழசத் தள்ளுங்க, சேல்ஸ் பசங்களுக்கு பழசுக்குன்னு தனியா கமிஷன் குடுங்க, பெட்டி வந்த அன்னைக்கே மார்க்கர்ல மாசம் வருசம் எழுதுங்க, ஓடலைன்னா ஆரம்பத்துலயே சப்ளையர்ட்ட மாத்திக் கேளுங்க, வருசம் கழிச்சுக் கேட்டா எவன் எடுப்பான்.

மாடியில எது எப்ப வாங்குனதுன்னு தெரியலைன்னா பழைய பர்ச்சேஸ் பில்ல உங்க ஆடிட்டர்ட்ட கொண்டுபோய்க் குடுங்க, தயவுசெஞ்சு மார்ச் 31க்கு முன்னாடியே குடுங்க.