நுரை அடங்கும்வரை கழுவுங்கள்: முதன்முறை கினோவா சமைப்பவர்களுக்கு

"மேடம், நீங்க எழுதிக் குடுத்தத வாயில வைக்க முடியலை. வேப்பங்கொட்டைய மென்ன மாதிரி ஒரே கசப்பு. மொத்தத்தையும் கொட்டிட்டேன்."

நாற்காலியில் உட்காரும் முன்பே அந்த அம்மா இதைச் சொல்லிவிட்டார். வயது 56. எட்டு வருடமாகச் சர்க்கரை நோய். வாரத்தில் இரண்டு நாள் இரவுச் சாதத்துக்குப் பதிலாகக் கினோவா செய்து பாருங்கள் என்று முந்தைய முறை வந்தபோது நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். எப்படிக் கழுவினீர்கள் என்று கேட்டேன். "அரிசி மாதிரிதான், ஒரு தண்ணி ஊத்தி அலசுனேன்" என்றார். அவர் மேல் தவறே இல்லை. எவ்வளவு சாப்பிடலாம், எத்தனை மணிக்குச் சாப்பிடலாம் என்றெல்லாம் எழுதிய நான், எப்படிக் கழுவ வேண்டும் என்று ஒரு வரி எழுதவில்லை. உணவு ஆலோசகராக நான் எழுதித் தரும் தாளில் இப்போது முதல் வரியே கழுவுவதைப் பற்றித்தான்.

கினோவா நம் அடுப்புக்குப் புதிது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில், பெருவும் பொலிவியாவும் பகிர்ந்துகொள்ளும் டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றிய மேட்டு நிலங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விளைவது. 2013ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை கினோவா ஆண்டாக அறிவித்தது. இப்போது ராஜஸ்தானிலும் பயிரிடுகிறார்கள். பாக்கெட்டில் கீன்வா, குயினோவா என்று எப்படி எழுதியிருந்தாலும் பொருள் ஒன்றுதான். பார்க்கத் தினை, சாமை போலத் தெரிந்தாலும் இது அந்தப் புல்வகைத் தானியங்களில் சேராது. கீரைக் குடும்பத்துச் செடியின் விதை இது. நம் சக்கரவர்த்திக் கீரைக்கு மிக நெருங்கிய சொந்தம்.

இந்த விதையின் மேல்தோலில் சபோனின் என்றொரு பொருள் இருக்கிறது. பூந்திக்கொட்டையும் சீயக்காயும் தண்ணீரில் நுரைப்பதற்குக் காரணமும் சபோனின்தான். பறவைகள் கொத்தித் தின்னாமல் இருக்கச் செடி போட்டுக்கொண்ட கசப்புக் கவசம் அது. பொலிவிய மலைக் கிராமங்களில் விதையை லேசாக வறுத்து, கல் தொட்டியில் கொட்டி, காலால் மிதித்துத் தோலைத் தேய்த்து, காற்றில் தூற்றி, பல தண்ணீரில் அலசுவார்கள். அத்தனை வேலைக்குப் பிறகுதான் அது அடுப்புக்குப் போகும். கடையில் நாம் வாங்குவதில் பெரும்பாலும் இயந்திரமே தோலைத் தேய்த்து எடுத்திருக்கும். ஆனாலும் ஒரு பாக்கெட் போல இன்னொன்று இருப்பதில்லை. கழுவியே விற்கிறோம் என்று அச்சிட்டிருந்தாலும் நீங்கள் ஒருமுறை கழுவிவிடுங்கள். கழுவாமல் சாப்பிட்டால் கசப்பதோடு போகாது. சிலருக்கு வயிற்றைப் புரட்டும், வயிறு கடுக்கும். "எனக்குக் கினோவா ஒத்துக்கல" என்று சொல்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை தண்ணீர் விட்டீர்கள் என்பதுதான்.

அன்று அந்த அம்மாவை உட்காரவைத்து, விளக்கிக் காட்ட வைத்திருக்கும் கினோவாவில் ஒரு கை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து, பச்சைப் பயறைத் தோல் நீக்கத் தேய்ப்பது போலத் தேய்க்கச் சொன்னேன். நாலைந்து தேய்ப்பிலேயே பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி நுரை பொங்கியது. "அய்யோ, இத்தனையும் அன்னிக்கு உள்ள போச்சா" என்றார். முதல் தண்ணீர் கலங்கலாக, வெள்ளை நுரையோடு போனது. இரண்டாவதில் நுரை ஓரமாக ஒதுங்கியது. நான்காவது தண்ணீரில் கிண்ணத்தின் அடி தெரிந்தது. அதுதான் கணக்கு: நுரை வராமல், தண்ணீர் தெளிந்து அடி தெரிய வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு விதையை மென்று பாருங்கள். கசந்தால் இன்னொரு தண்ணீர். அரிசி களையும் ஓட்டைத் தட்டில் கழுவாதீர்கள், பாதி விதை சாக்கடைக்குப் போய்விடும். டீ வடிகட்டி அல்லது மெல்லிய துணி போதும்.

கழுவியபின் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டிவிடுவது என் பழக்கம். வடித்த விதையை வெறும் சட்டியில் மிதமான தீயில் ஈரம் போகும்வரை வறுத்தால் நிலக்கடலை வறுபடுவது போல ஒரு வாசனை வரும். ஊறியதற்கு ஒரு டம்ளர் கினோவாவுக்கு ஒன்றே முக்கால் டம்ளர் தண்ணீர், ஊறாததற்கு இரண்டு. கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி, பதினைந்து நிமிடம். வெந்துவிட்டதா என்று கினோவாவே சொல்லும். விதை கண்ணாடி போலத் தெளிந்து, அதைச் சுற்றியிருந்த வெள்ளை வளையம் பிரிந்து குட்டி வால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். முளைவிட்டதோ, புழுவோ என்று பயந்து கேட்டவர்கள் உண்டு. அது விதையின் கருப்பகுதி. தாராளமாகச் சாப்பிடலாம். அடுப்பை அணைத்து, திறக்காமல் ஐந்து நிமிடம் விட்டு, கரண்டிக் காம்பால் கிளறிவிட்டால் உதிரி உதிரியாக வரும். ஒரு டம்ளர் ஏறத்தாழ மூன்று டம்ளர் ஆகும். முதல் நாள் அரை டம்ளருக்கு மேல் போடாதீர்கள். குக்கரில் வழக்கம்போல மூன்று விசில் விட்டால் களியாகிவிடும்.

கினோவாவுக்குத் தனக்கென்று பெரிய ருசி கிடையாது. மிளகு, எலுமிச்சை, தக்காளி, தேங்காய் என்று தூக்கலான ருசியோடு சேர்த்தால் நன்றாக இருக்கும். முதன்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது பொங்கல். பாதி கினோவா, பாதி பாசிப்பருப்பு, கொஞ்சம் இஞ்சி, மிளகு, சீரகம், கறிவேப்பிலை. பொங்கல் குழைந்துதான் இருக்க வேண்டும் என்பதால் குக்கரில் களியாகிவிடுமோ என்ற கவலையும் இல்லை. நெய் ஒரு ஸ்பூன் போதும்.

இனி அளவு. "கினோவா எவ்வளவு வேணா சாப்பிடலாமே, சர்க்கரை ஏறாதே" என்ற பேச்சை வாரத்துக்கு நாலு பேரிடமாவது கேட்கிறேன். வேகவைத்த கினோவா ஒரு கப்பில் சுமார் 39 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அதே கப்பில் வெள்ளைச் சாதம் என்றால் சுமார் 45 கிராம். வித்தியாசம் அவ்வளவுதான். அந்தக் கப் கினோவாவோடு 8 கிராம் புரதமும் 5 கிராம் நார்ச்சத்தும் சேர்ந்து வருவதால் ரத்தத்தில் சர்க்கரை சாதத்தைவிட மெதுவாக ஏறுகிறது. மெதுவாக ஏறுகிறது என்றால் ஏறாது என்று அர்த்தமில்லை. சாதம் ஒரு கப் சாப்பிட்டவர் கினோவா இரண்டு கப் சாப்பிட்டால் கணக்கு முன்பைவிட மோசமாகிவிடும். மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். மாற்றிச் சாப்பிட்ட நாளில் இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை சர்க்கரையைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். உங்கள் உடம்புக்கு அது எப்படி என்று அந்த எண்தான் சொல்லும்.

விலையையும் சொல்லாமல் இருக்க முடியாது. பொன்னி அரிசியைவிடப் பல மடங்கு. வாங்க முடியாதவர்கள் ஏதோ மருந்தைத் தவறவிட்டது போல வருத்தப்படுவதைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. கினோவாவுக்குப் பெருமை சேர்ப்பது, அரிசியில் குறைவாக உள்ள லைசின் உட்பட, உணவிலிருந்தே உடம்புக்குக் கிடைக்க வேண்டிய ஒன்பது அமினோ அமிலங்களும் (புரதத்தைக் கட்டும் பொருள்கள்) அதில் இருப்பது. அரிசியோடு பருப்பு சேரும்போதும் அந்தக் குறை நிரம்பிவிடுகிறது. இட்லியும் வெண்பொங்கலும் சாம்பார் சாதமும் காலங்காலமாகச் செய்துவரும் வேலை அது. கையில் காசு இருந்து, ருசியும் பிடித்திருந்தால் வாங்குங்கள். கடன் சொல்லி வாங்க வேண்டிய பொருள் இல்லை.

அந்த அம்மா அடுத்த முறை வந்தபோது பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரை எடுத்து மேசையில் வைத்தார். உள்பக்கம் ஆணியால் ஒரு கோடு கீறியிருந்தார். வேகவைத்தது அந்தக் கோடுவரைதான் தன் பங்கு என்றார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த எண்களையும் காலண்டர் தாளின் பின்பக்கம் வரிசையாக எழுதி வந்திருந்தார். எனக்கு அத்தனை சந்தோஷம். போகும்போது வாசலில் நின்று கேட்டார்: "எங்க அத்தைக்கும் இதையே குடுக்கலாமா மேடம்? அவங்களுக்குக் கிட்னி கொஞ்சம் வீக்குன்னு சொல்லியிருக்காங்க."

நல்லவேளையாகக் கேட்டார். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குப் பல சமயம் பொட்டாசியத்தையும் பாஸ்பரஸையும் குறைக்கச் சொல்வோம். 100 கிராம் வெந்த கினோவாவில் பொட்டாசியம் சுமார் 170 மில்லிகிராம். வெள்ளைச் சாதத்தில் 35 தான். பாஸ்பரஸும் சாதத்தைவிட மூன்று மடங்குக்கு மேல். ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் அடிக்கடி வருபவர்களும் இதைக் கேட்காமல் தொடங்கக் கூடாது, ஏனென்றால் கீரைச் சொந்தம் என்பதால் ஆக்சலேட்டும் இதில் இருக்கிறது. அத்தையின் கடைசி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். அதைப் பார்க்கும்வரை அவருக்கு வழக்கமான சாதமே இருக்கட்டும் என்றேன்.