அப்பாவுக்கு என்று கேட்டாலும் 21 ஆகவேண்டும்

மல்லாவிப் பக்கம் ஒரு சந்திக் கடை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற வயதுப் பெடியன் ஒருவன் சைக்கிளால் இறங்காமலே, "அண்ணை, அப்பாவுக்கு ரெண்டு சிகரெட்" என்றான். கடைக்காரர் இரண்டை உருவிக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தார். மிச்சக் காசுக்கு ஒரு டொபி.

இரண்டு பேருக்குமே அது பிழையாகத் தெரியவில்லை. ஆனால் அது குற்றம். பெடியனுடையது அல்ல, கடைக்காரருடையது.

இலங்கையின் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம், 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கம். அதன்படி 21 வயது நிரம்பாத ஒருவருக்கு சிகரெட், பீடி, சுருட்டு எதையும் விற்கக்கூடாது. வீட்டில் யார் பத்தப்போகிறார்கள் என்பது கணக்கில்லை. காசைக் கொடுத்து வாங்குகிறவரின் வயதுதான் கணக்கு. வழக்கு நீதிவான் நீதிமன்றத்துக்குப் போகும். தண்டமும் உண்டு, சிறையும் உண்டு.

வாக்குப் போடும் வயது 18 என்பதால் இதற்கும் 18 என்றே எங்கள் பக்கத்தில் பலர் நினைத்திருக்கிறார்கள். இன்னொரு குழப்பம் அடையாள அட்டை. ஓ.எல். எழுதும் காலத்திலேயே அது கைக்கு வந்துவிடுகிறது, அதைக் காட்டினால் போதும் என்று பெடியள் நினைக்கிறார்கள். கடைக்காரர் பார்க்கவேண்டியது இலக்கத்தை: 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அவ்வளவு லேசு.

ஏன் 21? ஆசையை அடக்கி, நாளையை யோசிக்கவைக்கும் மூளையின் முன்பகுதி முற்றுவதற்கு இருபத்தைந்து வயதளவில் ஆகிறது. நிக்கொட்டின் பிடிப்பதற்கு அவ்வளவு காலம் தேவையில்லை. இளம் வயதில் கெதியாகவே பிடித்துவிடும். அதனால், "மனக்கட்டுப்பாடு இருந்தால் இவன் தொடுவானா" என்று பெடியனை மட்டும் ஏசுவது பாதி நியாயம்தான். மற்றப் பாதி கடையிலும், கடைக்கு அனுப்பிய வீட்டிலும் இருக்கிறது.

பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்கவேண்டும் என்பதும் சட்டம். ஒன்றிரண்டாக வாங்குகிறவன் பெட்டியைக் காண்பதே இல்லை. புகையிலை கலந்து பக்கற்றில் வரும் பாபுல் போன்ற சாமான்களோ 2016 முதல் எந்த வயதினருக்கும் விற்கத் தடை.

முறையிடுவதென்றால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம், பொலிஸிலும் சொல்லலாம். சின்ன ஊர், கொப்பியில் கடன் எழுதித் தருகிற கடை, வாய் வராது என்பது விளங்குகிறது. பிள்ளையை அனுப்பாமல் விடுவதற்கு யாரிடமும் முறையிடத் தேவையில்லை.

ஏற்கெனவே பழகிவிட்ட பெடியனுக்கு 1948 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. விடுவதற்கு ஆலோசனை சொல்வார்கள். பத்தவேண்டும் என்ற உந்தல் வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நேரத்துக்கு ஒரு செம்பு தண்ணீர், குளக்கட்டு வரை ஒரு நடை. முதல் சில நாட்கள்தான் கடுமை. அந்த நாட்களில் அவனைச் சந்திக் கடைக்கு அனுப்பாதீர்கள், சீனி வாங்கவும்தான்.