பிரைவேட்டீர், ஃபிளாக்‌ஷிப்: தமிழில் என்ன சொல்லலாம்?

பைரேட் என்றால் கடற்கொள்ளையர், அதில் சிக்கல் இல்லை. பிரைவேட்டீர் வரும்போதுதான் மொழிபெயர்ப்பாளர் தடுமாறுகிறார். ‘தனியார் கப்பல்’ என்று எழுதினால் தனியார் பஸ் மாதிரி ஏதோ பயணிகள் சேவை நினைவுக்கு வரும்.

‘பிரைவேட்’ என்பதோடு, வாலண்டியரில் உள்ள அதே ‘-eer’ என்ற வால் சேர்ந்து 17ஆம் நூற்றாண்டில் பிறந்த ஆங்கிலச் சொல் இது. கப்பலையும் குறிக்கும், அதில் போகிறவரையும் குறிக்கும். கப்பலும் ஆட்களும் தனியாருடையவை. எதிரி நாட்டுக் கப்பலைப் பிடிக்கும் அனுமதி மட்டும் அரசுடையது. அந்த அனுமதிக் கடிதத்துக்கு ‘லெட்டர் ஆஃப் மார்க்’ என்று பெயர். கடிதம் கையில் இருந்தால் போர்வீரர், இல்லாவிட்டால் தூக்குமேடை. 1856இல் பாரிஸ் பிரகடனம் இந்த வழக்கத்துக்கு முடிவு கட்டியது.

சிலர் ‘கடல் கூலிப்படை’ என்கிறார்கள். அது தப்பு. இவர்களுக்குச் சம்பளமே கிடையாது; கொள்ளை கிடைக்காவிட்டால் கூலியும் இல்லை என்பதுதான் ஒப்பந்தம். ஆகவே ‘அரசாணைக் கொள்ளையர்’ என்பதே என் தேர்வு. கப்பலைச் சொல்ல வேண்டுமானால் ‘அரசாணை வேட்டைக் கப்பல்’.

சரி, ஃபிளாக்‌ஷிப்? செல்பேசி விளம்பரங்களின் புண்ணியத்தில் ‘முதன்மை’ என்ற சொல் இதற்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் ‘முதன்மைக் கப்பல்’ என்றதும் இருப்பதிலேயே பெரிய கப்பல் என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் அளவு பொருட்டல்ல; தளபதி எந்தக் கப்பலில் தன் கொடியை ஏற்றுகிறாரோ அதுதான் ஃபிளாக்‌ஷிப்.

ஜமைக்காவிலிருந்து ஆங்கிலேயருக்காகக் கிளம்பிய பிரைவேட்டீர் ஹென்றி மோர்கனையே பாருங்கள். அவரது கொடி பறந்தது ‘ஆக்ஸ்ஃபோர்ட்’ என்ற போர்க்கப்பலில். 1669 ஜனவரியில், இன்றைய ஹைட்டியை ஒட்டிய ஒரு தீவருகே, அதில் விருந்து நடந்துகொண்டிருக்கும்போது வெடிமருந்து தீப்பிடித்துக் கப்பல் சிதறியது. சுமார் 200 பேர் செத்தார்கள். மேசையில் மோர்கனுக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்தவர்கள் போய்விட்டார்கள். அவர் இருந்த வரிசை கடலில் வீசப்பட்டுப் பிழைத்தது. அப்புறம் அவர் 14 பீரங்கிகளே கொண்ட ‘லில்லி’க்கு மாறினார். அன்றிலிருந்து அந்தச் சின்னக் கப்பல்தான் ஃபிளாக்‌ஷிப்.

அதே ஆண்டு, வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரியிலிருந்து வெளியேறும் வாயை ஸ்பானியக் கப்பல்கள் அடைத்து நின்றன. மோர்கன் ஒரு சரக்குக் கப்பலில் கந்தகமும் தாரும் நிரப்பி, மரக்கட்டைகளுக்குத் தொப்பி மாட்டி ஆட்களைப் போல நிறுத்தி, உச்சியில் தன் கொடியை ஏற்றி அனுப்பினார். கொடியைப் பார்த்த ஸ்பானியர் தலைவரே வருகிறார் என்று நம்பினார்கள். அது நேராக வந்து அவர்களுடைய ‘மக்தலேனா’வில் கொக்கி போட்டுப் பற்றி எரிந்தது. மக்தலேனாவும் ஒரு ஃபிளாக்‌ஷிப்தான்!

இந்தக் கதையை ‘முதன்மைக் கப்பல்’ என்று எழுதினால் பாதி சுவை போய்விடும். எல்லாக் கப்பலிலும்தான் கொடி இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும், ‘போர்வாள்’ என்கிறோமே, வேறு எந்த வாள் போருக்குப் போகாது? ‘கொடிக்கப்பல்’ போதும்.

‘அரசாணைக் கொள்ளையர்’ என்பதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. தன்னைக் கொள்ளைக்காரனாகக் காட்டிய இரண்டு லண்டன் பதிப்பாளர்கள் மீது மோர்கன் வழக்குப் போட்டு, 1685இல் 200 பவுண்டு இழப்பீடு வாங்கியவர்.