வெல்டிங்குக்கு முன் ஹீலியத்தைக் கணக்கிடுங்கள்

அணு உலைக்குள் பல ஆண்டுகள் இருந்த துருப்பிடிக்காத எஃகில் விரிசல் விட்டால், வெட்டி எடுத்துவிட்டு வெல்டிங் போட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உலோகவியல் துறையில் இருப்பவன் என்ற முறையில் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: அந்த எஃகுக்குள் ஹீலியம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று முதலில் கணக்கிடுங்கள்.

அது எஃகுக்குள்ளேயே பிறக்கும் வாயு. வேகம் குறைந்த நியூட்ரான் ஒன்றை வாங்கிக்கொண்டு, எஃகில் கலந்திருக்கும் நிக்கல்-58, நிக்கல்-59 ஆகிறது. அது இன்னொரு நியூட்ரானை வாங்கும்போது ஹீலியத்தை உமிழ்ந்து இரும்பு-56 ஆக மாறிவிடலாம். கடுகளவு கலந்திருக்கும் போரானிலிருந்தும் ஹீலியம் வரும். இந்த வாயு உலோகத்தில் கரைவதே இல்லை என்று சொல்லலாம். அணு விலகிப்போன காலியிடங்களிலும், எஃகின் படிக மணிகள் ஒன்றையொன்று தொடும் மணியெல்லைகளிலும் போய் ஒதுங்கி, சேர்ந்து, நுண்குமிழிகளாகிவிடும்.

இந்த நிலையில் ஆர்க் பட்டால் என்ன ஆகும்? வெல்டை ஒட்டி, உருகாமல் சூடேறும் பட்டையில் குமிழிகள் பருக்கின்றன. வெல்டு ஆறிச் சுருங்கும்போது அந்தப் பட்டையைப் பிடித்து இழுக்கிறது. குமிழிகள் வரிசையாக நிற்கும் மணியெல்லை பிளந்துவிடுகிறது. அமெரிக்காவின் சவானா ரிவர் அணு உலை வளாகத்தில் 1980களில் உலைத்தொட்டி ஒன்றைப் பழுதுபார்த்தபோது இப்படித்தான் வெல்டின் ஓரத்திலேயே புது விரிசல்கள் வந்தன. பத்து லட்சம் அணுக்களுக்கு ஒன்றிரண்டு ஹீலியம் அணுக்கள் இருந்தாலே வழக்கமான ஆர்க் வெல்டிங் ஆபத்துதான்.

நியூட்ரான்கள் மோதி எஃகின் அணுக்கள் எத்தனை முறை இடம்பெயர்ந்தன என்ற அணு இடப்பெயர்ச்சிக் கணக்கை மட்டும் வைத்து எஃகைத் தேர்ந்தெடுப்பதையும் நான் ஏற்பதில்லை. கல்பாக்கத்தில் இருப்பது போன்ற வேக ஈனுலையில் ஓர் இடப்பெயர்ச்சி அலகுக்கு (சராசரியாக ஒவ்வோர் அணுவும் ஒருமுறை இடம்பெயர்வதற்கு) எஃகில் உருவாகும் ஹீலியம், பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. 14 மெகா எலக்ட்ரான்வோல்ட் நியூட்ரான்கள் பாயும் இணைவு உலையில் அது பத்தை எட்டும். ஒன்றில் தேறிய எஃகு மற்றதிலும் தேறும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

ஹீலியம் பிறப்பதைத் தடுக்க முடியாது. மணியெல்லைக்குப் போகாமல் வழியிலேயே பிடித்துவைக்கலாம். அதற்காகத்தான் யிட்ரியம், டைட்டானியம், ஆக்சிஜன் சேர்ந்த சில நானோமீட்டர் துகள்களை எஃகெங்கும் தூவுகிறார்கள். வாயு அந்தத் துகள்களின் மேற்பரப்பில் குட்டிக்குட்டிக் குமிழிகளாகத் தங்கிவிடுகிறது. ஆனால் இந்த எஃகை உருக்கி வெல்டு செய்தால் துகள்கள் திரண்டு வீணாகிவிடும். உருக்காமல் உராய்வால் கிளறி இணைக்கும் முறையைத்தான் நாட வேண்டும். எனவே பாகத்தை வரையும்போதே இணைப்பு முறையையும் முடிவு செய்துவிடுங்கள். எஃகு வாங்கும் அன்றே சான்றிதழில் நிக்கலோடு போரான் அளவையும் கேட்டு வாங்கி, உலையின் ஆயுள் முடியும்வரை பத்திரப்படுத்துங்கள்.