மானுக்குப் பின்னால் மலை ஏன் நீலம்?

காரைக்குடி வாசகி ஒருவர் கேட்கிறார்: "முனீஸ்வரன் கோவில் தெருவில், பழைய சாமான் கடையில், ஆங்கில ஓவியர் லாண்ட்சீர் வரைந்த கலைமான் படத்தின் பிரதி கிடைத்தது. மான் அப்படியே உயிரோடு நிற்கிறது. மலை மட்டும் ஏன் நீலம் பூத்திருக்கிறது? மிருகப் படத்தை வாசலைப் பார்த்து மாட்டக் கூடாது என்கிறார் எங்கள் ஆச்சி. உண்மையா?"

இரண்டாவதற்கு முதலில் பதில். தாராளமாக மாட்டுங்கள். வெயில் விழாத சுவராக இருந்தால் சாயம் வெளுக்காது. படத்துக்குப் பார்க்க வேண்டிய சாஸ்திரம் அவ்வளவுதான்.

1851இல் வரைந்த ஸ்காட்லாந்து மலைநாட்டுக் காட்சி அது. காற்றின் மூலக்கூறுகள் சிவப்பைவிட நீலத்தை நாலு மடங்குக்கு மேல் சிதறடிக்கும் என்பது பள்ளிப் பாடம். நுண்துகள்கள் ஒளியை இப்படிச் சிதறடிப்பதை 1871இல் ஆங்கில இயற்பியலாளர் ராலே கணக்குப் போட்டுக் காட்டினார். ஆனால் பாடப் புத்தகம் வானத்தோடு நின்றுவிடுகிறது. நீலம் மலையில் இல்லை. மலைக்கும் நமக்கும் நடுவே உள்ள காற்றில் இருக்கிறது.

வளவில் ஓர் ஊதுபத்தி ஏற்றுங்கள். முற்றத்து வெளிச்சம் படும் புகையை, இருட்டான தேக்குக் கதவைப் பின்னால் வைத்துப் பாருங்கள்: மெல்லிய நீலம். அதே புகையை வெளிச்சமான வானத்துக்கு எதிரே பாருங்கள்: பழுப்பு! புகை மாறவில்லை. இருட்டின் முன்னால் புகை நம் பக்கம் சிதறிவிடும் நீலம் தெரிகிறது. வெளிச்சத்தின் முன்னால், நீலத்தை வழியில் உதிர்த்துவிட்டு வரும் மிச்ச ஒளி தெரிகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத வேடிக்கை இது.

மரம் அடர்ந்த மலை அந்தக் கதவு மாதிரிதான். குன்றக்குடி மலையைக் கிட்டத்தில் பார்த்தால் பாறை பாறையின் நிறத்தில் இருக்கும். மழை விட்ட காலையில் தொலைவிலிருந்து பார்த்தால் பிரான்மலை நீலம். நடுவே அத்தனை காற்று. தொலைதூரப் பனிச்சிகரமோ வெள்ளை என்பதால் லேசாக மஞ்சள் தட்டும்.

இனி படத்துக்கு வாருங்கள். மானின் மூக்கில் இருக்கும் கருமை மலையின் எந்த நிழலிலும் இராது. இடைக்காற்றின் ஒளி அந்த நிழல்களை வெளுக்க வைத்துவிடுகிறது. நடுவில் மிதக்கும் மூடுபனி வெள்ளையாக இருப்பதற்குக் காரணம், அதன் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை. எல்லா நிறத்தையும் சமமாகச் சிதறடிக்கும். நீலத்தால் தூரத்தையும் வெள்ளையால் ஈரத்தையும் ஓவியர் சொல்லிவிட்டார். எல்லோரும் மெச்சுவது 12 கிளைக் கொம்பை. என் ஓட்டு அந்தக் காற்றுக்கு.

காகிதம் பழுத்து மஞ்சளேறினால் முதலில் அடிபடுவது இந்த நீலம்தான். உங்களுக்கு அது இன்னும் தெரிகிறதென்றால் கடைக்காரர் நல்ல பிரதியைத்தான் கொடுத்திருக்கிறார்.