புள்ளி விழாத குதிரை

ஆன்லைனில் செஸ் கற்றுக்கொள்ள விதிப்புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. காயைத் தொட்டால் அது போகக்கூடிய கட்டங்களில் புள்ளி விழும், வேறு எங்காவது வைத்தால் காய் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். சௌகரியம்தான். ஆனால் முடியாது என்று மட்டும்தான் அது சொல்லும், ஏன் என்று சொல்லாது. குதிரையைத் தொட்டும் ஒரு புள்ளிகூட விழாதபோது பக்கம் பழுதாகிவிட்டதோ என்று ரீலோடு செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பழுது இல்லை. குதிரைக்குப் பின்னால் உங்கள் ராஜா, முன்னால் அதே நேர்கோட்டில் எதிராளியின் யானை. குதிரை நகர்ந்தால் ராஜாவுக்கு செக். இதைக் கண்டுபிடிக்க பல புரோகிராம்கள் செய்வது கொஞ்சம் முரட்டு வேலை: ராஜாவைப் பற்றிக் கவலைப்படாமல் எல்லாக் காய்களின் நகர்வுகளையும் முதலில் பட்டியல் போட்டுவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றையும் உள்ளுக்குள் ஆடிப் பார்த்து, சொந்த ராஜா செக்கில் மாட்டினால் அதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். முதல் நகர்வில் வெள்ளைக்கு இருப்பது 20 வழிகள் (சிப்பாய்களுக்கு 16, குதிரைகளுக்கு 4), கறுப்பும் ஒரு தடவை ஆடிவிட்டால் 400. கணினிக்கு இதெல்லாம் தூசு.

இதைவிடக் குழப்புவது, பலகையில் கண்ணுக்கே தெரியாத விஷயம். யானையை நகர்த்திவிட்டு மறுபடி மூலைக்கே கொண்டுவந்தால் எல்லாம் முன்பு மாதிரியே தெரியும், ஆனால் அந்தப் பக்கம் காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் சேர்த்து நகர்த்துவது) செய்யும் உரிமை போயே போய்விட்டது. இரண்டு கட்டம் பாய்ந்து உங்கள் சிப்பாயின் பக்கத்தில் வந்து நின்ற எதிராளியின் சிப்பாயை, அது ஒரே கட்டம் நகர்ந்த மாதிரி, ஆன் பாசான் முறையில் வெட்டுவதும் உடனடி அடுத்த நகர்வில் மட்டும்தான், ஒரு நகர்வு தாமதித்தால் புள்ளி காணாமல் போகும். அதனால்தான் ஆட்டநிலையைப் பதிவு செய்யும் ஃபென் குறியீட்டில் ஆறு பகுதிகள் இருக்கின்றன. காய்கள் எங்கே என்பது முதல் பகுதி மட்டுமே. யாருடைய முறை, காஸ்லிங் உரிமை, ஆன் பாசான் கட்டம், இரண்டு எண்ணிக்கைகள் என்று மீதி ஐந்தும் போகும்.

சரி, ஆடக்கூடிய நகர்வுகளின் பட்டியலே காலியாகிவிட்டால்? ஆட்டம் முடிந்தது. ராஜா செக்கில் இருந்தால் செக்மேட், இல்லாவிட்டால் ஸ்டேல்மேட், அதாவது டிரா. கையில் ராணி இருந்தும் புதியவர்கள் வெற்றியைக் கோட்டைவிடுவது இங்கேதான். மூலையில் தனியாக நிற்கும் எதிராளியின் ராஜாவுக்கு குதிரைத் தாவல் தூரத்தில் ராணியை வைத்தால் சுற்றியுள்ள மூன்று கட்டங்களும் அடைபட்டுவிடும், செக்கும் இருக்காது. ராணியை, மூலையிலிருந்து இரண்டு கட்டம் விலகியிருக்கும் திசையிலேயே இன்னும் ஒரு கட்டம் தள்ளி நிறுத்துங்கள். மூலைக்கும் பக்கத்துக் கட்டத்துக்கும் அந்த ராஜா மாறி மாறி நடந்துகொண்டிருக்கும், அதற்குள் உங்கள் ராஜாவைக் கிட்டே கொண்டுவந்துவிடலாம்.